எந்தப் புத்தகத்தை யார் கையில் கொடுப்பது?

(பண்டிதர் அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நினைவுச் சொற்பொழிவு நடக்கும் மண்டபங்களில் எங்களுக்கென்று ஓர் இடம் உண்டு. வாசலை ஒட்டி, செருப்புகள் கிடக்கும் இடத்துக்கு அருகில், இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, நீலத் துணி விரித்துப் புத்தகங்களை அடுக்கியிருப்போம். உள்ளே பேசுகிறவரின் குரல் எங்களுக்குப் பாதிதான் கேட்கும். பல நல்ல சொற்பொழிவுகளை நாங்கள் இப்படிப் பாதி பாதியாகத்தான் கேட்டிருக்கிறோம். இந்த ஆண்டு மன்றத் தோழர்கள் எங்களையே மேடைக்கு அழைத்துவிட்டார்கள். நாங்கள் நால்வர். மூவர் இங்கே நிற்கிறோம். நான்காமவர் மேசையைப் பார்த்துக்கொள்கிறார். இந்த உரையை நால்வரும் உட்கார்ந்து, சண்டை போட்டு, சேர்ந்து எழுதினோம். ஆகவே இதில் வரும் 'நாங்கள்' மரியாதைக்காகச் சொல்வதல்ல, உண்மையிலேயே நான்கு பேர்.

மன்றம் எங்களிடம் கேட்டது எளிய கேள்வி. உங்கள் மேசைக்கு வருகிறவர்களுக்கு என்னென்ன புத்தகங்களைச் சிபாரிசு செய்வீர்கள், அதைச் சொல்லுங்கள் என்றார்கள். சிபாரிசு என்பது நம் வீடுகளில் கசப்பான சொல். வேலைக்கும் கல்லூரி இடத்துக்கும் கடனுக்கும் அது தேவைப்பட்டபோதெல்லாம் நம்மிடம் அது இருந்ததில்லை. நமக்காக ஒரு வார்த்தை சொல்ல ஆள் இருந்ததில்லை. புத்தகச் சிபாரிசு ஒன்றுதான் நம்மால் கைநிறையச் செய்ய முடிந்த சிபாரிசு. ஆனால் அதையும் நாங்கள் பல ஆண்டுகள் தவறாகச் செய்தோம். அந்தத் தவற்றையும் சேர்த்தே இன்று சொல்லப்போகிறோம்.

பண்டிதரும் இந்தத் தொழில்காரர்

பண்டிதரின் நினைவு நாளில் புத்தகம் விற்கிறவர்கள் பேசுவது பொருத்தம்தான் என்று நாங்கள் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. தம் பாட்டனார் கந்தப்பன் ஓர் ஆங்கிலேய அதிகாரியிடம் பட்லராக இருந்தவர் என்று பண்டிதர் எழுதுகிறார். அந்தக் கந்தப்பன் தம்மிடமிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியை அந்த அதிகாரியிடம் கொடுத்தார், அது அவர் வழியாக எல்லிஸ் துரையிடம் போய்ச் சேர்ந்தது என்பது பண்டிதர் தரும் வரலாறு. சமையலறையில் நின்ற ஒருவர் 'இதைப் படித்துப் பாருங்கள்' என்று ஒரு சுவடியை நீட்டியிருக்கிறார். எங்களைப் பொறுத்தவரை அதுதான் எங்கள் தொழிலின் முதல் சிபாரிசு.

1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், புதன்கிழமை, இராயப்பேட்டையிலிருந்து பண்டிதர் தம் வார இதழைத் தொடங்கினார். பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையையே பெயரில் வைத்த இதழ். வாங்குகிறவன் கடைக்காரனிடம் விலை கேட்டுக் கூச்சப்பட வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு பெயர் 'தமிழன்' என்று மாறியது. 1914 மே 5ஆம் நாள் மறையும் வரை அவர் அதை நடத்தினார். 'இந்திரர் தேச சரித்திரம்' போன்றவை அதில் தொடராக வந்தவைதான். பின்னால் கோலார் தங்கவயலில் சித்தார்த்தா புத்தகசாலை அவர் எழுத்துகளைச் சிறு நூல்களாக அச்சிட்டு விற்றது. தங்கச் சுரங்கத்தில் இறங்கி ஏறிய நம் ஆட்கள் வாங்கிப் படித்தார்கள்.

பண்டிதருக்கு முன்பே, 1893 அக்டோபரில், இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைக் கொண்டுவந்தார். முதல் இதழுக்கு ஆன செலவு பத்து ரூபாய் என்றும், நானூறு பிரதிகள் இரண்டே நாளில் சென்னையில் விற்றுத் தீர்ந்தன என்றும் தம் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் கணக்குச் சொல்கிறார். அந்த நானூறு பேர் யார்? தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்றவர்கள் யார்? அவர்கள் பெயர் எங்கும் இல்லை. இந்த மேடை அவர்களுக்கும் உரியது.

கடைசி அலமாரி

எங்களில் ஒருவர் முன்பு ஒரு நகரத்தின் பெரிய புத்தகக் கடையில் வேலை பார்த்தார். கடையின் பெயர் வேண்டாம், எல்லாக் கடைகளும் அப்படித்தான் இருந்தன. நுழைந்ததும் புதிய வரவுகள். அடுத்து நாவல், சிறுகதை, கவிதை, வரலாறு, ஆன்மிகம், சமையல். எல்லாம் முடிந்து, கழிப்பறைக்குப் போகும் வழியில் ஓர் அலமாரி. அதன் மேல் 'தலித்தியம்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அதில் நாவல் இருந்தது, கவிதை இருந்தது, காவிரி வெள்ளத்தின் வரலாறு இருந்தது, பௌத்தம் இருந்தது. மற்றவர்களுடைய நாவல் நாவல் பகுதியில் இருந்தது, நம்முடைய நாவல் இங்கே இருந்தது. ஊர் தனி, சேரி தனி என்பதை அந்தத் தோழர் சம்பளம் வாங்கிக்கொண்டு தினமும் துடைத்து அடுக்கினார்.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. அந்தப் பெயரை நாமே போராடித்தான் வாங்கினோம். அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி, 1990களின் தொடக்கத்தில், 'தலித் இலக்கியம்' என்ற பெயர் தமிழில் உரக்க ஒலித்தது. 'நிறப்பிரிகை' போன்ற சிற்றிதழ்கள் அதை விவாதமாக்கின. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. அந்தப் பெயர் இல்லாவிட்டால் பல புத்தகங்கள் அச்சுக்கே வந்திருக்காது. ஆகவே பெயரைக் கழற்றிப் போடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. இமையம், சோ. தர்மன் போன்றவர்கள் அந்தப் பெயருக்குள் தங்களை அடைக்க வேண்டாம் என்கிறார்கள், அது அவர்கள் உரிமை. நாங்கள் கேட்பது அலமாரியைப் பற்றி. பெயர் நாம் எடுத்துக்கொண்டது. அதை எந்த மூலையில் நிறுத்துவது என்று முடிவு செய்தவர்கள் வேறு ஆட்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. அந்த அலமாரியைத் தேடி வருகிற நல்லவர்கள். உண்மையான அக்கறையோடு வருவார்கள். "ரொம்ப உருக்கமான தன்வரலாறு ஏதாவது கொடுங்க" என்பார்கள். கொடுப்போம். அடுத்த முறை வந்து இன்னொன்று கேட்பார்கள். அதையும் கொடுப்போம். பக்கத்தில் பண்டிதரின் சிந்தனைத் தொகுதிகள் இருக்கும், ராஜ் கௌதமனின் சங்க இலக்கிய ஆய்வு இருக்கும். அவற்றை விரலால்கூடத் தொட மாட்டார்கள். நம் வலியை விலை கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. நம் அறிவை வாங்கத்தான் ஆள் குறைவு. எங்கள் விற்பனைப் புத்தகத்தைப் புரட்டினாலே இது தெரியும்.

பேய்க்கதை கேட்ட பெண்

அந்தக் கடையை விட்டு வந்த தோழரும் நாங்களும் சேர்ந்து மேசை போடத் தொடங்கினோம். ஏப்ரல் 14, டிசம்பர் 6, டிசம்பர் 25 வெண்மணி, செப்டம்பர் 11 பரமக்குடி என்று நம் நாட்காட்டியே எங்கள் வியாபார நாட்காட்டி. கல்லூரி வாசல்களிலும் போடுவோம்.

அப்படி ஒரு கல்லூரி வாசலில், முதலாண்டு படிக்கும் ஒரு பெண் வந்தாள். எந்த ஊர் என்று கேட்டோம். ஊர்ப் பெயரோடு காலனி என்றும் சேர்த்துச் சொன்னாள். எங்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. நம் பிள்ளை, முதல் தலைமுறை, முதல் புத்தகம். 'கருக்கு' ஒன்றை எடுத்துக் கையில் திணித்தோம், பாதி விலைக்கு. மறுநாள் வந்தாள். முழுக்கப் படித்திருந்தாள்.

"அக்கா, நல்லாருக்கு. எங்க பாட்டி சொல்ற மாதிரியே இருக்கு. ஆனா இதெல்லாம் எனக்குத் தெரியும்க்கா. பேய்க்கதை ஏதாவது இருக்கா?"

எங்களில் ஒருவர் சட்டென்று, "இது அந்த மாதிரிக் கடை இல்லம்மா" என்று சொல்லிவிட்டார். யார் என்று சொல்ல மாட்டோம், நால்வரும் அந்த இடத்தில் அதைத்தான் சொல்லியிருப்போம். அவள் சிரித்துவிட்டு, "சரிக்கா" என்று போனாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் அங்கே மேசை போட்டிருந்தோம். அவள் வரவில்லை.

அன்று இரவு பேசிக்கொண்டோம். பெரிய கடைக்காரர் நம் புத்தகங்களை ஒரே அலமாரியில் அடைத்தார். நாம் என்ன செய்தோம்? நம் வாசகரை ஒரே அலமாரியில் அடைத்தோம். காலனியிலிருந்து வந்தால் காலனியைப் பற்றித்தான் படிக்க வேண்டும் என்று நாமே சட்டம் போட்டோம். மற்ற வீட்டுப் பிள்ளைகள் பேயையும் காதலையும் துப்பறிவதையும் படித்துவிட்டு வளர்வார்கள். நம் பிள்ளை மட்டும் முதல் புத்தகத்திலேயே தன் காயத்தைப் படிக்க வேண்டுமா? படிக்கும் ஆசையே இப்படித்தான் பலருக்கு முளையிலேயே கருகுகிறது.

அன்றிலிருந்து எங்கள் மேசையை மாற்றி அடுக்கினோம். வருகிறவரிடம் ஊர் கேட்பதில்லை. என்ன மாதிரிக் கதை பிடிக்கும், கடைசியாகப் பார்த்த படம் எது, சிரிக்கவா அழவா என்று கேட்கிறோம். அப்படிக் கேட்டுக் கேட்டுக் கிடைத்ததுதான் இந்தப் பட்டியல்.

படம் பார்க்கிறவருக்கு, சிரிக்க வந்தவருக்கு

"நாவலெல்லாம் படிக்க மாட்டேன், படம்தான்" என்கிற தம்பிகளுக்குப் பூமணியின் 'வெக்கை'. 1982இல் வந்தது. 'அசுரன்' படம் அதை அடிப்படையாகக் கொண்டது என்று சொன்னாலே கை நீளும். ஒரு சிறுவன் கொலை செய்கிறான். அடுத்த எட்டு நாட்கள் அப்பனும் மகனும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள். கதை அவ்வளவுதான். படத்துக்கும் நாவலுக்கும் என்ன வித்தியாசம் என்று வந்து சொல்லச் சொல்வோம். வந்து சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையில் அவர்கள் விமர்சகர்கள் ஆகிவிடுகிறார்கள். அவர்களில் சிலர் அடுத்து அதே பூமணியின் 'அஞ்ஞாடி'யைத் தூக்கிப் பார்ப்பார்கள். ஆயிரம் பக்கத்துக்கு மேல். 1895 கழுகுமலைக் கலவரமும் 1899 சிவகாசிக் கலவரமும் அதில் வருகின்றன. "இது கரிசல் நிலத்தின் நூறாண்டுக் கதை, ஒரு கோடை விடுமுறைக்குச் சரியாக இருக்கும்" என்போம்.

சிரிக்க வந்தவருக்குப் பாமாவின் 'கிசும்புக்காரன்' சிறுகதைகள். ஆதிக்க சாதிக்காரர்களைப் பேச்சாலேயே மடக்கும் குசும்புக்காரர்கள் நம் தெருக்களில் எப்போதும் உண்டு. அவர்களை அச்சில் பார்க்கும்போது வருகிற சந்தோஷமே தனி. 'கருக்கு' எழுதிய கைதான் இதையும் எழுதியது என்பதைப் பலர் நம்ப மாட்டார்கள். சிரிப்பில் இரண்டாவது சிபாரிசு கன்னடத்திலிருந்து: சித்தலிங்கையாவின் 'ஊரும் சேரியும்'. பாவண்ணன் தமிழில் கொடுத்திருக்கிறார். தன்வரலாறுதான். ஆனால் பசியையும் அவமானத்தையும் சொல்லும்போதே சிரிக்க வைத்துவிடுகிறார். சிரிப்பு அடங்கிய பிறகுதான் எதைப் பார்த்துச் சிரித்தோம் என்பது உறைக்கும்.

காதல் கதை கேட்பவர்கள் அதிகம். கேட்கத் தயங்குவார்கள், நாங்களே கேட்டுவிடுவோம். இமையத்தின் 'எங் கதெ'யைக் கொடுக்கிறோம். ஒரு பெண் மேல் பித்துப்பிடித்த ஆண் தன் கதையைத் தென்னார்க்காட்டுப் பேச்சில் ஒரே மூச்சில் சொல்கிறான். காதல் எங்கே முடிந்து உடைமை வெறி எங்கே தொடங்குகிறது என்பதைப் பையன்கள் படிக்க வேண்டும். படித்துவிட்டு வருகிறவர்களோடு பெண் தோழர்கள் பேசுவதற்கு நிறைய இருக்கும்.

மேசையில் நாங்கள் சண்டை போடும் நாவல்கள்

இரண்டு நாவல்களை எப்போது கொடுப்பது என்பதில் எங்களுக்குள் இன்றும் ஒற்றுமை இல்லை. முதலாவது இமையத்தின் 'கோவேறு கழுதைகள்', 1994. சேரிக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்து ஆரோக்கியத்தின் கதை. தாழ்த்தப்பட்டவர்களுக்கும் கீழே ஒரு படி இருக்கிறது, அந்தப் படியில் நிற்பவள் நம் தெருவிலேயே கையேந்தி நிற்கிறாள் என்று நாவல் காட்டியது. நம் தரப்பிலிருந்தே எதிர்ப்பு எழுந்தது. எதிரிக்கு ஆயுதம் கொடுக்கலாமா என்றார்கள்.

எங்களில் இருவர் சொல்வது: இயக்கத்துக்குப் புதிதாக வருகிற பிள்ளையிடம் இதை முதலில் கொடுக்காதே. வெளியே நின்று அடிப்பவனைப் பற்றி அவன் முதலில் தெரிந்துகொள்ளட்டும். மற்ற இருவர் சொல்வது: இதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும். தன் தெருவில் தன் காலடியில் நிற்பவளைப் பார்க்கத் தெரியாதவன் எந்த விடுதலையைப் பேசப்போகிறான்? இந்த விவாதத்துக்கு நடுவில், புதிரை வண்ணார் குடும்பத்துப் பையன் ஒருவன் எங்கள் மேசையில் அந்தப் புத்தகத்தை எடுத்து, பின்னட்டையைப் படித்துவிட்டு, "எங்களப் பத்தியும் புக்கு இருக்கா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு அதை மேசையின் கீழே வைக்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. எப்போது கொடுப்பது என்ற சண்டை மட்டும் தொடர்கிறது.

இரண்டாவது சிவகாமியின் 'பழையன கழிதலும்', 1989. அதில் வரும் காத்தமுத்து நம் தலைவர். அடிபட்டு வரும் தங்கத்துக்காக நிற்கிறார். அதே ஆள் வீட்டில் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை மகள் கௌரி பார்க்கிறாள். சிவகாமி அதோடு விடவில்லை. சில ஆண்டுகள் கழித்து ஆசிரியர் குறிப்பாக இன்னொரு நூல் எழுதி, தான் எழுதிய நாவலையே கேள்வி கேட்டார். தன் நாவலைத் தானே குறுக்கு விசாரணை செய்யும் துணிச்சல் தமிழில் அபூர்வம். இந்த இரண்டையும் சேர்த்தே கொடுக்கிறோம். மாவட்டப் பொறுப்பாளர்கள் வாங்கினால் எங்களுக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

தன்வரலாறு: வரிசை முக்கியம்

தன்வரலாறுகளை மேசையிலிருந்து எடுத்துவிடவில்லை. கொடுக்கும் வரிசையை மாற்றினோம். முதலில் ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்'. தன்னையே கிண்டல் செய்துகொள்ளும் நாவல் வடிவத் தன்வரலாறு. கிறிஸ்தவனாகப் பிறந்த தலித் பையன், படித்து முடித்து, வேலைக்காக இந்துவாக மாறுவதில் போய் முடிகிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவத் தலித்துகளுக்குப் பட்டியல் சாதித் தகுதியை மறுக்கிறது என்று எத்தனையோ துண்டறிக்கைகள் எழுதியிருக்கிறோம். இந்த ஒரு நாவல் அந்த ஆணையை ஒரு மனிதன் மேல் வைத்துக் காட்டிவிடுகிறது.

அடுத்து கே.ஏ. குணசேகரனின் 'வடு', 2005. இளையான்குடிப் பகுதியில் ஒரே சிறுவனை இந்துத் தெருவும் இஸ்லாமியத் தெருவும் கிறிஸ்தவச் சூழலும் எப்படி எப்படி நடத்தின என்று அவர் ஒப்பிட்டுக் காட்டுகிறார். பாடகரின் எழுத்து. வாய்விட்டுப் படிக்கலாம். அதன் பிறகு 'கருக்கு'. இந்த வரிசையில் வரும்போது 'கருக்கு' அழ வைப்பதோடு நிற்பதில்லை. ஒரு பெண் துறவு மடத்துக்குள் போய், அங்கும் சாதியைப் பார்த்து, வேலையும் பாதுகாப்பும் இல்லாமல் வெளியே வரும் முடிவை எடுத்தாள் என்பதன் கனம் தெரிகிறது. கடைசியாக, மெலிந்த புத்தகம், இரட்டைமலை சீனிவாசனின் 'ஜீவிய சரித்திர சுருக்கம்'. தமிழில் தலித் தன்வரலாறு 1992இல் தொடங்கியது என்று நினைப்பவர்கள் இதைப் பார்த்ததும் தேதியைத் திருத்திக்கொள்வார்கள்.

கவிதையும் பேயும்

கவிதைப் புத்தகத்தைப் பற்றிப் பேசி விற்க முடியாது. ஒரு பக்கத்தைத் திறந்து கையில் கொடுத்துவிட்டு நாங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வோம். சுகிர்தராணியின் 'இரவு மிருகம்' அப்படித்தான் விற்கிறது. பெண் உடலையும் சாதியையும் பிரித்துப் பேச முடியாது என்பதை அவர் கட்டுரையாக எழுதாமல் கவிதையாக எழுதினார். 2023இல் அறிவிக்கப்பட்ட தேவி விருதை, அதானி குழுமத்தின் நிதியாதரவு இருக்கிறது என்பதற்காக வேண்டாம் என்றவர். பள்ளி ஆசிரியை என்று சொன்னால் ஆசிரியப் பயிற்சி மாணவிகள் இன்னொரு முறை அட்டையைப் பார்ப்பார்கள்.

அந்தப் பெண் கேட்ட பேய்க்கதைக்கு நாங்கள் பதில் கண்டுபிடிக்க நெடுநாள் ஆனது. பதில் எங்கள் மேசையிலேயே இருந்தது. என்.டி. ராஜ்குமார். மாந்திரீக மரபிலிருந்து வந்த கவிஞர். 'தெறி', 'ஒடக்கு', 'ரத்த சந்தனப் பாவை', 'காட்டாளன்' என்று தலைப்புகளைப் பாருங்கள். அவர் கவிதைகளில் பேய் உண்டு, யட்சி உண்டு, ஏவலும் ஒழிப்பும் உண்டு. மேலே இருப்பவர்கள் பார்த்து நடுங்கிய மந்திரம் நம் ஆட்களின் கையில் இருந்தது என்பதை அவர் அளவுக்கு யாரும் பாடவில்லை. கதையாகவே வேண்டும் என்றால் சோ. தர்மனின் 'கூகை'. பகலில் காகங்கள் கொத்தி விரட்டும் ஆந்தைதான் இரவின் பலசாலி. அந்தக் கூகையைச் சாமியாகக் கும்பிடும் மக்களின் நாவல். பேய்க்கதை கேட்டவளுக்கு இந்த இரண்டையும் கொடுத்திருந்தால் அவள் பயந்திருப்பாள், சிரித்திருப்பாள், மூன்றாவது புத்தகத்துக்கு வந்திருப்பாள். நம் இலக்கியத்தில் பேய் இல்லை என்று நாங்கள் சொன்னது பொய். எங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கனமான புத்தகங்கள்

வரலாறு கேட்பவர்களுக்குக் கோ. ரகுபதியின் இரண்டு நூல்கள்: 'தலித்துகளும் தண்ணீரும்', 'காவேரிப் பெருவெள்ளம்'. 1924இல் காவிரியில் பெருவெள்ளம் வந்தது. வெள்ளத்துக்குச் சாதி கிடையாது என்பார்கள். வீடு கட்ட எந்த இடம் யாருக்குக் கிடைத்தது, நிவாரணம் யாருக்கு எப்படிப் போனது என்று பார்த்தால் வெள்ளத்துக்கும் சாதி உண்டு என்று தெரியும். சுற்றுச்சூழல் படிக்கும் மாணவர்களிடம் இதைத்தான் நீட்டுகிறோம். பொறியியல் மாணவர்களும் வாங்குகிறார்கள்.

ராஜ் கௌதமனின் 'பாட்டும் தொகையும் தொல்காப்பியமும் தமிழ்ச் சமூக உருவாக்கமும்' தமிழ் முதுகலை மாணவர்களுக்கு. சங்க காலம் பொற்காலம் என்று வகுப்பில் கேட்டவர்கள் அந்தப் பொன்னை உரசிப் பார்க்கக் கற்றுக்கொள்வார்கள்.

இனிப் பண்டிதர். ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999இல் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வெளியீடாக இரண்டு தொகுதிகளாக வந்தது. மூன்றாம் தொகுதி 2003இல். பண்டிதர் மறைந்து ஏறத்தாழ 85 ஆண்டுகள் கழித்து அவர் எழுத்து ஒரே இடத்தில் நம் கைக்குக் கிடைத்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறோம், வாங்கியவர்களில் பாதிப் பேர் படித்திருக்க மாட்டார்கள். முதல் பக்கத்திலிருந்து தொடங்குவதால் வரும் வினை அது. எங்கள் யோசனை: முதலில் சிறிய கட்டுரைகளையும் கேள்வி பதில்களையும் படியுங்கள். குடிநீர், விவசாயம், சுதேசி என்று அன்றாட விஷயங்களில் அவர் எப்படி வாதிடுகிறார் என்று பாருங்கள். அந்தக் குரல் பழகிய பிறகு பௌத்த வரலாற்றுக்குள் போங்கள். அவர் சொற்பிறப்பு விளக்கங்களை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஒரு சமூகத்தின் வரலாற்றைச் சொல்லைத் தோண்டி எடுக்க முடியும் என்று நம்பிய துணிவைப் பாருங்கள்.

கடைசியாக ஒரு சொற்பொழிவு. நினைவுச் சொற்பொழிவு மேடையில் அதைச் சொல்லாமல் இறங்க முடியாது. எங்கள் மேசையில் அதிகம் விற்கும் சொற்பொழிவு, நிகழ்த்தப்படாத சொற்பொழிவு. 1936இல் லாகூரின் ஜாத்-பாத் தோடக் மண்டல் பாபாசாகேபைத் தலைமையுரைக்கு அழைத்தது. உரையை முன்கூட்டியே படித்துப் பார்த்துவிட்டு, வரிகளை மாற்றச் சொன்னது. அவர் மறுத்தார், மாநாடு நடக்கவில்லை. உரையை அவரே அச்சிட்டார். ஆயிரத்து ஐந்நூறு பிரதிகள் இரண்டு மாதத்தில் தீர்ந்தன என்றும், குஜராத்தியிலும் தமிழிலும் மொழிபெயர்ப்பு வந்துவிட்டது என்றும் இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அவரே குறிப்பிடுகிறார். தமிழில் 'குடி அரசு' அதை வெளியிட்டது. ஒரு மேடையை அவருக்கு மறுத்தார்கள். ஒரு புத்தகம் ஆயிரம் மேசைகளை அவருக்குக் கொடுத்தது. எங்கள் மேசை அவற்றில் ஒன்று.

நாங்கள் கேட்பது

நேரமாகிவிட்டது. மூன்று கோரிக்கைகளோடு முடிக்கிறோம்.

ஒன்று, பெரிய கடைகளுக்குப் போகும்போது நாவல் பகுதியில் நின்று பூமணியையும் சிவகாமியையும் கேளுங்கள். வரலாற்றுப் பகுதியில் நின்று ரகுபதியைக் கேளுங்கள். "அது அந்தக் கடைசி அலமாரியில் இருக்கும்" என்று சொன்னால், "இங்கேயும் ஒரு பிரதி வையுங்கள்" என்று சொல்லுங்கள். பத்துப் பேர் கேட்டால் ஊழியர் வைத்துவிடுவார். நாங்கள் அந்த வேலை பார்த்தவர்கள், எங்களுக்குத் தெரியும்.

இரண்டு, கனமான தொகுதிகளைப் பங்கு போட்டு வாங்குங்கள். விடுதி அறையில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேர் சேர்ந்து ஒரு தொகுதி. பாபாசாகேப் நூல் தொகுப்பு தமிழில் 37 தொகுதிகள். ஒருவரால் வாங்க முடியாது, ஒரு படிப்பு வட்டத்தால் முடியும். ஒரு பைசாவுக்கு இதழ் கொடுத்தவரின் நினைவு நாளில், விலையைக் காரணம் காட்டி யாரும் திரும்பிப் போகக் கூடாது. முடியாதவர்கள் எங்களிடம் சொல்லுங்கள், தவணை நோட்டு இருக்கிறது.

மூன்று, உங்கள் தெருவில் படிக்கத் தொடங்கும் பிள்ளையிடம் எந்தப் புத்தகம் வேண்டும் என்று கேளுங்கள். அவள் பேய்க்கதை என்றால் பேய்க்கதை கொடுங்கள். அவள் வாழ்க்கையைப் பற்றிய புத்தகம் எங்கும் போகாது, அவளே ஒருநாள் தேடி வருவாள். தேடி வரும்போது கொடுப்பதற்கு நம்மிடம் இருக்க வேண்டும்.

அந்தக் கல்லூரிக்கு நாங்கள் இன்னும் ஆண்டுதோறும் போகிறோம். அவள் படித்து முடித்துப் போயிருப்பாள். இங்கே யாராவது அவளைப் போல ஏமாந்து திரும்பியவர்கள் இருந்தால், கூட்டம் முடிந்ததும் வாசலுக்கு வாருங்கள். 'கூகை' நான்கு பிரதிகள், 'காட்டாளன்' இரண்டு பிரதிகள் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம்.